தொப்பி மறைக்காத வாய்

கிழவர் ஜோசையா தோர்ன்லி உயிரோடு இருந்தவரை, ஆலைக்குள் யாரிடம் பேசினாலும் தொப்பியைக் கழற்றி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். மான்செஸ்டரிலிருந்து வரும் வியாபாரிகள் அவருக்குச் சொத்தைப் பல் என்று நினைத்துக்கொண்டார்கள். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பத்து வயதில் தறிக்கூடத்துக்குள் நுழைந்த மனிதர் அவர். ஆயிரத்து இருநூறு தறி ஒரே கூரையின் கீழ் அடிக்கும்போது காதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நெய்கிறவர்கள் உதட்டை அசைத்துப் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துக் கேட்பார்கள். ஆலை இருக்கும் பென்டில்ஷா ஊரில் ஒரு நெசவுக்காரி தெருவின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் நிற்கும் சிநேகிதியிடம், நடுவில் நடந்துபோகும் மாமியாரைச் சத்தமே இல்லாமல் திட்டித் தீர்ப்பாள். இதெல்லாம் கிழவருக்கு அத்துப்படி.

மகன் லயனலுக்கு ஆலை வந்தது, மலைமேல் இருக்கும் வீடு வந்தது, ஆபீஸ் சுவரில் மாட்டிய அப்பாவின் எண்ணெய் வண்ணப் படமும் வந்தது. தொப்பி விஷயத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயதிலேயே அவரைத் தெற்கே பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே லத்தீன் கற்றுக்கொண்டு வந்தார்.

தோர்ன்லி ஆலைத் துணி மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போகிறது. துணி என்று சொல்வதே கொஞ்சம் பெரிய மனசுதான். நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் கஞ்சியோடு சேர்த்துச் சீனக் களிமண்ணை அப்பி, எடை ஏற்றி அனுப்புவார்கள். மேலே ஓர் அழகான யானை முத்திரை. முதல் துவைப்பில் பாதித் துணி ஆற்றோடு போய்விடும். அதை வாங்கி உடுத்தும் பெண் யாரைத் திட்டுவாள் என்று, அதை நெய்யும் தபிதா கேட்லோ சில சமயம் யோசிப்பதுண்டு. நம்மைத்தான் திட்டுவாள், வேறு யாரை?

அந்தக் களிமண் நூல் காய்ந்த காற்றில் படபடவென்று அறும். அறாமல் இருக்கக் கூரையடியில் குழாய் போட்டு, கொதிக்கும் நீராவியைக் கூடத்துக்குள் விட்டார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போகிற பெண் எட்டு மணிக்கெல்லாம் தொப்பலாக நனைந்திருப்பாள். ஆணியில் மாட்டிய சால்வையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். மாலையில் அதே ஈரத்தோடு வெளியே வந்து மலைக்காற்றில் வீட்டுக்கு நடக்க வேண்டும். துணி பத்திரமாக இருந்தது. நெஞ்சு இருக்கவில்லை.

தபிதா இருபத்தாறு வருடமாக நான்கு தறி ஓட்டுகிறவள், நெசவாளர் சங்கக் கமிட்டியில் இருக்கும் மூன்று பெண்களில் ஒருத்தி. தங்கை ஹன்னாவை இந்த இருமலில்தான் புதைத்தாள். இப்போது பதினெட்டு வயது மகள் எடித், எதிர் வரிசையில் நான்கு தறியோடு நின்று, அதே இருமலை இருமிக்கொண்டிருந்தாள். ஹன்னா எப்படி ஆரம்பித்தாள், எத்தனை மாதத்தில் முடித்தாள் என்று தபிதாவுக்கு மனப்பாடம். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் குழாய் மூடப்பட வேண்டும்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து கோடையில் தேர்தல் வந்தது. இந்தியாவில் இந்த ஊர்த் துணிக்கு நூற்றுக்கு ஐந்து வரி போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லிப் பார்லிமெண்டில் சண்டை போட முதலாளிகளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கர்னல் வின்டம் என்று ஒருவரைப் பிடித்து வந்தார்கள். ஓட்டு ஆண்களிடம் இருந்தது. ஆண்களின் காது வீட்டுப் பெண்களிடம் இருந்தது. அந்த அளவுக்கு லயனலுக்கும் விவரம் தெரியும். தபிதாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, அப்பாவின் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த ஆபீஸில் ஒரு நெசவுக்காரி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கர்னல் ஜெயிச்சு அந்த வரி போச்சுன்னா, எனக்குக் களிமண்ணும் வேண்டாம், நீராவியும் வேண்டாம், தபிதாம்மா. நல்ல துணியே நெய்யலாம். நம்பிக்கை இல்லேன்னா இன்னிக்கே குழாயை மூடச் சொல்றேன், பாருங்க" என்றார்.

மூடவும் மூடினார். மூன்று வாரம் கூடம் காய்ந்து கிடந்தது. எடித்தின் இருமல் தணிந்தது. இரண்டாம் வாரம் உருளைக்கிழங்கு அப்பத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றாள். மூன்றாம் வாரம் பாத்திரம் கழுவும்போது பாடினாள். தபிதா மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சேப்பல் தெருவிலும் வாட்டர் தெருவிலும் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். "கர்னலுக்குப் போடச் சொல்லுங்கடி, இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பக்கத்துத் தறிக்காரி லெட்டி ஷார்ப்பிள்ஸ் மட்டும் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"முதலாளிக்கு ஓட்டுக் கேக்க வந்த மொத சங்கத்துக்காரி நீதாண்டி. ஆபீஸ் நாற்காலி மெத்தையா?"

"எம் பொண்ணு சாப்பிடறாடி லெட்டி. நீ என்ன வேணா பேசிக்கோ."

லெட்டி இடுப்பிலிருந்து கையை இறக்கினாள். ஹன்னாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவள் புருஷனும் ஒருவன்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு டவுன் ஹாலில் கூட்டம். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக மேடைமேல் விழுந்தது. லயனல் எழுந்து, இந்தியச் சந்தை, சாம்ராஜ்யத்தின் பெருமை, சூரியன், கப்பல் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் மார்பில் கை வைத்து, "தோர்ன்லி ஆலையில் இனி ஒருநாளும் நீராவி கிடையாது. இது என் அப்பா பேரில் நான் கொடுக்கும் வாக்கு!" என்றார். கூரை பறக்கக் கைதட்டினார்கள். கீழே மூன்றாவது வரிசையில் தபிதாவின் புருஷன் ஆமோஸ் தொப்பியை எறிந்து பிடித்தான். உடனே பித்தளைக் குழல் பேண்டு முழங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருப்பவன் பேச்சுகூடக் கேட்காத முழக்கம்.

தறிக்கூடத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சத்தம் சொந்த வீடு. சத்தம் எழுந்ததும் கண் தானாக உதட்டைத் தேடும். மாடியில் இருந்த முந்நூறு பெண்களின் கண்ணும் அப்படித்தான் போனது, எந்த எண்ணமும் இல்லாமல், பழக்க தோஷத்தில். லயனல் உட்கார்ந்து, புன்னகை மாறாமல், கர்னலின் பக்கம் தலையைச் சாய்த்தார். முகம் மாடியைப் பார்த்து இருந்தது. வெயில் வாயின்மேல் இருந்தது.

"திங்கக்கிழமை விடிஞ்சா மொத வேலை குழாயைத் திறக்கறதுதான்" என்றது அந்த வாய். "ரெண்டு மடங்கா. மதராஸ் சரக்கு மூணு வாரம் தேங்கிக் கெடக்கு."

கர்னல் என்னவோ கேட்டார். அவருடைய மீசை பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது. "பொம்பளைங்க" என்பது தெரிந்தது, "இருமல்" என்பது தெரிந்தது.

லயனல் சிரித்தார். "ஒருத்தி விழுந்தா வாசல்ல பத்துப் பேரு நிக்கறாங்க" என்றார்.

முந்நூறு தலையும் மெதுவாகத் தபிதாவின் பக்கம் திரும்பியது. எதிர்க்கோடியிலிருந்து லெட்டி, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமில்லாமல் கேட்டாள்: "வீடு வீடா வாக்குக் குடுத்தது யாருடி?"

தபிதாவுக்கு யார்மேல் முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த ஆள்மேல், அவர் சிரிப்புமேல், அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த தன்மேல், பாத்திரம் கழுவிக்கொண்டு பாடிய பிள்ளையின் குரல்மேல்கூட. எழுந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "பொய்யன்! பொய்யன் அவன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பேண்டு அதை மென்று துப்பியது. கீழே நாலைந்து பேர் திரும்பிப் பார்த்து, உற்சாகத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக் கையாட்டினார்கள்.

வீட்டில் ஆமோஸ் குடல்கறியில் வினிகரை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். அவன் கல் குவாரிக்காரன். உதட்டுப் பேச்சு அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

"ரெண்டாயிரம் பேரு முன்னால எந்திரிச்சு நின்னு, அப்பா பேரால சத்தமா சொன்னதை நான் காதால கேட்டேன். அதை விட்டுட்டு, பேண்டு வாசிக்கறப்ப அவரு உதடு எப்பிடி ஆடுச்சுன்னு நம்பச் சொல்றியா?"

"அந்த உதட்டை நம்பித்தான்யா இருபத்தாறு வருஷமா உசிரோட இருக்கேன். தறியில ஓடற நாடாக்கட்டை தெறிச்சு வருதுன்னு லெட்டி கத்தினா எனக்குக் கேக்குமா? வாயைப் பாத்துத்தான் குனிஞ்சேன். இல்லேன்னா இந்தக் கண்ணு போயிருக்கும், உனக்கு ஒத்தக்கண்ணிதான் சோறாக்கிப் போட்டுட்டு இருப்பா."

"வரி போகலேன்னா ஆலையே மூடிருவான் தபிதா. அப்புறம் நீராவியும் இருக்காது, ரொட்டியும் இருக்காது."

"அவன் பேசறதையே பேசறே. சொந்தமா ஒரு வார்த்தை பேசேன்."

"ஓட்டு என்னோடது" என்றான் ஆமோஸ்.

"எதனால உன்னோடது? இந்த வீட்டுக்கு வாடகை கட்டறதால. அதுல பாதி என் தறி கட்டுது. அப்ப பாதி ஓட்டைக் குடு. குடுய்யா!"

ஆமோஸ் சிரித்துவிட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. தபிதா அவன் முன்னாலிருந்து தட்டை எடுத்து, கதவைத் திறந்து, குடல்கறியை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த எடித், "அம்மா, விடும்மா" என்றாள். சொல்லும்போதே லேசாக இருமினாள்.

சனிக்கிழமை ஆமோஸ் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். யாருக்குப் போட்டாய் என்று கேட்டதற்கு, ரகசிய ஓட்டு, சொல்லக் கூடாது என்றான். தொப்பியில் கர்னல் கட்சியின் நீல ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. தபிதாவின் வாக்கை நம்பி மற்ற வீட்டு ஆண்களும் ஏற்கெனவே மனசை முடிவு செய்திருந்தார்கள். இரண்டு நாளில் வீடு வீடாகப் போய் அவள் மாற்றிச் சொன்னபோது, பெண்பிள்ளைப் பேச்சு நாளுக்கு ஒன்று என்றார்கள். கர்னல் அறுநூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் குழாய் சீறத் தொடங்கியது. சொன்ன மாதிரியே இரண்டு மடங்கு. அரைமணி நேரத்தில் எதிர்ச் சுவர் தெரியவில்லை. விளக்குக் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தபிதா தன் தறிகளைப் பார்த்தபடியே எடித்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் காதில் விழாது. தோள் குலுங்குவது மட்டும் நீராவி மூட்டத்துக்குள் தெரிந்தது.

எடித்தின் நாடாக்கட்டையில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்தது. புது நூல்கண்டை மாட்டி, நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். எல்லோரும் நாளெல்லாம் செய்வதுதான், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். எடித் வாயை வைத்தாள். உறிஞ்ச மூச்சில்லை. இருமல் வந்து நாடாவைத் தள்ளிவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. மூன்றாம் தடவை தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள், அம்மா பார்ப்பதைப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தாள்: "ஒண்ணுமில்லம்மா."

ஹன்னாவும் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசி வாரம் வரை.

தபிதா தன் முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளினாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. நான்கும் நின்றன. லெட்டி திரும்பிப் பார்த்தாள். தபிதா வாயைப் பெரிதாகத் திறந்து, அவசரப்படாமல் சொன்னாள்: "நான் ஏமாந்தேன்டி. உங்களையும் ஏமாத்திட்டேன். இப்ப நிறுத்துங்க."

லெட்டி ஒரு நொடி அவளை முறைத்தாள். "இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்று அசைத்துவிட்டு, தன் நான்கு தறியையும் நிறுத்தினாள். பிறகு பின்வரிசைக்குத் திரும்பி, அந்தச் சொல்லைக் கைமாற்றினாள். வரிசை வரிசையாகத் தறிகள் நின்றுகொண்டே போயின.

நெசவு நேரத்தில் அந்தக் கூடம் அமைதியாகி யாரும் பார்த்ததில்லை. மேலே தறிகளை ஓட்டும் தோல் பட்டைகள் வெறுமனே ஓடும் சத்தமும் குழாய் சீறும் சத்தமும் மட்டும் மிஞ்சின. அப்போதுதான் அது கேட்டது. இருமல். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, தூண் மறைவில் நாலைந்து, பின்னால் இருபது. இத்தனை வருடமும் தறிச்சத்தம் அதைப் போர்த்தி மூடியிருந்தது. அவரவர் இருமலை மட்டுமே அறிந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

லயனல் தோர்ன்லி படியிறங்கி ஓடி வந்தார். கூடவே மேஸ்திரி ஜேபெஸ். கிழவர் காலத்து ஆள்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

யாரோ இருமினார்கள்.

"சரி. இஷ்டமில்லாதவங்க எல்லாரும் வெளியே போகலாம். ஜேபெஸ், வாசல்ல வேலை கேட்டு நிக்கறவங்களை உள்ளே கூட்டிட்டு வா."

ஜேபெஸ் போனான். திரும்பி வரும்போது தனியாக வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"வர மாட்டேங்கறாங்க ஐயா."

"எத்தனை பேரு நிக்கறாங்க?"

"பதினாலு பேருங்க. அத்தனையும் நெசவுக்காரிங்க."

"வேலை வேண்டாமாமா? என்ன சொன்னாங்க?"

"சத்தமா ஒண்ணும் சொல்லலீங்க" என்று இழுத்தான் ஜேபெஸ்.

அப்போது தபிதா அவரைப் பார்த்து, சத்தமில்லாமல், ஒரே ஒரு வாக்கியத்தை உதட்டில் சொன்னாள். லெட்டி அதையே சொன்னாள். பிறகு எடித். பிறகு வரிசைகள். நீராவிக்குள் முந்நூறு வாய் ஒரே மாதிரி திறந்து, ஒரே மாதிரி மூடி, மறுபடி திறந்தது. லயனல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்ன இது? என்ன சொல்றாங்க? ஜேபெஸ், உனக்குப் புரியுதா?"

ஜேபெஸ் தரையைப் பார்த்தான்.

"சொல்லித் தொலைய்யா!"

"ஒருத்தி விழுந்தா வாசல்ல பத்துப் பேரு நிக்கறாங்கன்னு சொல்றாங்கய்யா. வியாழக்கெழம பேண்டு வாசிக்கறப்ப நீங்க கர்னல் ஐயாகிட்டச் சொன்னது. இவங்க எல்லாரும் மாடியில இருந்தாங்க. வாசல்ல நிக்கற பதினாலு பேரும்தான்."

லயனலின் கை அவரையறியாமல் மேலே எழுந்து வாயைப் பொத்தியது.

"பெரியவரு வாய்க்கு முன்னால தொப்பி வெச்சுப்பாருங்க" என்றான் ஜேபெஸ், மெல்ல.

தபிதா சுவரோரம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. குழாயை மூடும் இரும்புச் சக்கரம் கொதித்தது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைச் சுற்றிப் பிடித்து, இனித் திருப்ப முடியாது என்ற இடம்வரை திருப்பினாள். சீறல் நின்றது. உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. அந்தக் கையோடேயே வந்து முதலாளியின் முன்னால் நின்றாள். இந்தத் தடவை தொண்டையைத் திறந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"இப்பச் சொல்லுங்க. பேண்டு இல்லை, தறி ஓடலை. அன்னிக்குச் சொன்னதை இப்ப வாய்விட்டுச் சத்தமாச் சொல்லுங்க. எம் புருஷன் காதால கேட்டாத்தான் நம்புவானாம்."

லயனல் தோர்ன்லி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.